அயல்மண்ணில் இறந்தோர் ஊர் திரும்பும் வழி

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வளைகுடாவிலிருந்து வரும் விமானம் இறங்குகிற வேளையில், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவர்களை எதிர்நோக்கிப் பிரயாணிகள் வாசலில் நிற்கும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே விமானத்தின் அடிப்பகுதியில் வந்திறங்கிய ஒருவரை வாங்கிக்கொண்டு போவதற்காக, அந்த வாசலை விட்டு விலகிச் சரக்குக் கிடங்கின் பக்கமாக, ஓர் ஆம்புலன்ஸ் வண்டியோடும் ஒரு கத்தைக் காகிதங்களோடும் காத்து நிற்கும் நாலைந்து பேரைக் கவனித்தவர்கள் குறைவு. உயிரோடு போகும்போது பிரயாணச் சீட்டு வாங்கிப் போனவர், உயிர் போன பிறகு சரக்குச் சீட்டின் பேரில் திரும்பி வருகிறார். விமானக் கம்பெனிகளின் கணக்கில் அவருக்கு எச்.யு.எம். என்ற மூன்றெழுத்துக் குறி இடப்படுகிறது. ஊரிலோ அவருடைய தாய், அந்தப் பெட்டி வந்து சேரும்வரை உலை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

துபாயிலிருந்து திருச்சிக்கு வான்வழி ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆயினும் அங்கே இறந்தவரின் உடல் இங்கே வந்து சேர, காரியங்கள் ஒழுங்காக நடந்தால் சில நாட்களும், நடக்காவிட்டால் வாரங்களும், சில துர்ப்பாக்கியமான குடும்பங்களுக்கு மாதங்களும் ஆகின்றன. இந்தத் தாமதத்துக்கு மரணத்தின் தன்மை ஒரு காரணந்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த மனிதர் என்ன விசாவில் போனார், யாரிடம் வேலை செய்தார், அவருடைய இருப்புக்கு அந்தத் தேசத்தில் என்ன அத்தாட்சி இருந்தது என்பதே. அதாவது, ஒருவருடைய உடல் எவ்வளவு விரைவில் வீடு திரும்பும் என்பது பெரும்பாலும் அவர் புறப்பட்ட நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஒவ்வொரு குடும்பமும் இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அமங்கலமான விஷயம் என்று பேசாமல் ஒதுக்கி வைத்ததனால் துன்பப்பட்ட குடும்பங்கள் ஏராளம்.

உடல் ஏன் வந்தாக வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நீர்மாலை எடுத்து, கோடித் துணி போர்த்தி, வாய்க்கரிசி இட்டு, கொள்ளிக்குடம் சுமந்து செய்கிற அந்திமக் கிரியைகள் எல்லாம் உடலை முன்வைத்தே நடப்பவை. உடல் இல்லாத வீட்டில் துக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிவது என்று தெரியாமல் நிற்கிறது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறிப் போனவர்களின் காலத்தில், மரணச் செய்தி கடிதமாக வந்து சேர்ந்த நாளிலே தலை முழுகித் தீட்டுக் காத்தார்கள். உடல் கிட்டாதபோது தர்ப்பையாலோ பலாச இலையின் காம்புகளாலோ மனித உருவம் ஒன்று அமைத்து, அதற்கே சம்ஸ்காரம் செய்யலாம் என்று அபரப் பிரயோக நூல்கள் விதித்திருக்கின்றன. இல்லாத உடலுக்குப் பதிலாக ஓர் உடலைப் புல்லால் செய்தாவது எரித்தாக வேண்டும் என்று நினைத்த சமுதாயம், விமானம் பறக்கும் காலத்தில் மெய்யான உடலையே கேட்பதில் என்ன வியப்பு?

முஸ்லிம் குடும்பங்களின் நிலைமை சற்று வேறு. இறந்த இடத்திலேயே தாமதமின்றி அடக்கம் செய்வதை மார்க்கம் சிறப்பாகக் கருதுவதால், கடற்கரை ஊர்களிலிருந்து போனவர்கள் பலர் அரபு மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப் பிரிவைப் பின்பற்றும் ஊர்களில் அவர்களுக்காகப் பள்ளிவாசலில், உடல் முன்னில்லாமலே தொழும் காயிப் ஜனாஸா தொழுகை நடத்துவதும் வழக்கம். ஆனாலும் மகனின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற தாயின் வேட்கையில் மதபேதம் கிடையாது.

இனி, மரணம் நிகழ்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆஸ்பத்திரியில் வியாதியால் இறந்தவருக்கு வைத்தியரின் அறிக்கை உடனே கிடைத்துவிடும். தங்கியிருந்த அறையில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தாலும், கட்டடத்திலிருந்து விழுந்தாலும், சாலையில் அடிபட்டாலும், தற்கொலை செய்துகொண்டாலும், போலீஸார் வந்து விசாரித்து உடலைப் பிணவறைக்கு அனுப்புவார்கள். அவர்கள் விசாரணையை முடித்து ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுக்கும்வரை உடல் அங்கிருந்து நகராது. அதன் பிறகு அந்நாட்டுச் சுகாதார இலாகா மரணச் சான்றிதழ் வழங்குகிறது. அது அரபியில் இருக்குமாதலால், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்க வேண்டும். பிறகு அந்த ஊர் இந்தியத் தூதரகத்தில் மரணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்துச் செய்வித்து, உடலை இந்தியாவுக்குக் கொண்டு செல்லத் தடையில்லை என்ற சான்றைப் பெற வேண்டும். வெள்ளியும் சனியும் காரியாலயங்கள் மூடப்படும் சவூதி அரேபியா போன்ற தேசத்தில் வியாழக்கிழமை மாலையில் ஒருவர் இறந்தால், இந்தக் காகிதங்களில் ஒன்றுகூட ஞாயிறுக்கு முன் அசையாமல் போகக்கூடும் என்பதை ஊரில் இருப்பவர்கள் நினைவில் வைத்தால், வீணான சந்தேகங்கள் சில குறையும்.

இந்தக் காகிதங்களை எல்லாம் ஓடி ஓடி வாங்குகிறவர் யார்? சட்டப்படி அது வேலை கொடுத்தவருடைய பொறுப்பு. தொழிலாளர்கள் கஃபீல் என்றும் அரபாப் என்றும் சொல்லுகிற அந்த யஜமானர் நல்லவராக இருந்து, கம்பெனியில் இதற்கென்று ஓர் ஆளும் இருந்தால், துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பாதிப் பாரம் குறைந்துவிடும். அவர் கையை விரித்துவிட்டால், அறைத்தோழர்களில் ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். பாஷை தெரியாமல், எந்தக் கட்டடத்தில் எந்த முத்திரை வாங்க வேண்டும் என்று அறியாமல், சம்பளத்தையும் இழந்து அலைகிற அந்தத் தோழர்களுக்கு நன்றி சொல்லுகிறவர்கள் யாருமில்லை. ஐக்கிய அரபு நாடுகளில் பல ஆண்டுகளாக இந்தத் தொண்டையே வாழ்க்கையாகக் கொண்ட கேரளத்தைச் சேர்ந்த அஷ்ரஃப் தாமரச்சேரி, ஜாதி மத பாஷை வித்தியாசம் பாராமல் ஆயிரக்கணக்கான உடல்களை அவரவர் தேசத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறார். 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருதளித்துக் கௌரவித்தது. அவரைப் போன்றே தமிழ்ச் சங்கங்களிலும் பெயர் வெளியே தெரியாத தொண்டர்கள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். அந்த ஊரில் இருக்கிற தமிழர் அமைப்பு எது, அதில் யாரைக் கேட்பது என்பதைப் போனவர் போன முதல் மாதத்திலேயே வீட்டுக்குத் தெரிவித்து வைப்பது நல்லது.

தூதரகம் கேட்கிற முக்கியமான ஒன்று குடும்பத்தாரின் சம்மதக் கடிதம். உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா, இந்தக் காரியங்களைச் செய்ய யாருக்கு அதிகாரம் அளிக்கிறோம் என்பவற்றைச் சட்டப்படியான வாரிசுகள் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரி வக்கீலின் முத்திரையோடு அனுப்ப வேண்டும். சவூதி அரேபியாவில் இந்தக் கடிதம் இல்லாமல் காரியம் நகராது. துயரத்தின் நடுவே, யாரோ நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டுவிட்டு, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்ததாகப் பின்னர் அறிந்து துடிப்பதைவிட, படித்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெளிந்த பின் கையெழுத்திடுவதே விவேகம்.

காகிதங்கள் ஒரு புறம் நடக்க, மற்றொரு புறம் உடலைப் பாதுகாக்கிற வேலை. பிணவறையின் குளிர், உடல் கெடுவதை மட்டுப்படுத்துமே தவிர நிறுத்தாது. பிரயாணத்தின் போதும் ஊர்வந்து சேர்ந்த பின்பும் உடல் தாங்க வேண்டுமானால் அதைப் பதப்படுத்தியாக வேண்டும். எம்பாமிங் என்று எல்லோரும் சொல்லுகிற இந்த முறையில், கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய தமனியைத் திறந்து அதன் வழியாக ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தைச் செலுத்துகிறார்கள்; அது உள்ளே புகப் புக, சிரை வழியாக இரத்தம் வெளியேறுகிறது. ஃபார்மால்டிஹைடு தசையிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுகச் செய்துவிடுவதால், அழுகலை உண்டாக்கும் கிருமிகளுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடலில் இரத்தக் குழாய்கள் அறுபட்டிருக்குமாதலால் ஒவ்வோர் அங்கத்துக்கும் தனித்தனியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். பல வாரம் உறைகுளிரில் கிடந்த உடலாயின் முதலில் அதன் உறைவு நீங்கக் காத்திருக்க வேண்டும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில், தூரத்துப் போர்க்களத்தில் மாண்ட பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவரப் பெற்றோர்கள் தவித்தபோதுதான், இந்தக் கலை அந்தத் தேசத்தில் பொதுஜன வழக்கமாயிற்று. அன்று அதைத் தேடியவர்களும் இன்று நம் கிராமத்தில் காத்திருப்பவர்களும் ஒரே ஆசையால் உந்தப்பட்டவர்களே.

துபாயில் தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த சோனாப்பூர் என்னும் பகுதியில்தான் இந்தப் பதப்படுத்தும் நிலையம் இருக்கிறது. ஊருக்கு அனுப்புவதற்கு முன் கூட வேலை செய்தவர்கள் அங்கே வந்து முகம் பார்த்துப் பிரியாவிடை சொல்லிப் போகிறார்கள். சொந்தக்காரர் ஒருவரும் அருகில் இல்லாத இறப்பில், அவர்கள்தாம் அந்த வேளையின் சொந்தக்காரர்கள்.

பதப்படுத்திய உடலை எப்படிப் பெட்டியில் அடைக்க வேண்டும் என்பதற்கு இந்திய அரசு 1954-ஆம் ஆண்டிலேயே விமானப் பொதுச் சுகாதார விதிகளை வகுத்திருக்கிறது. அவற்றின்படி உடல், காற்றுப் புகாத துத்தநாகத் தகட்டுக் கூட்டினுள் வைக்கப்பட்டு, இணைப்புகள் எல்லாம் ஈயப் பற்றால் மூடப்பட வேண்டும். அந்தக் கூட்டைத் தேக்கு அல்லது அதையொத்த கடின மரப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல், பிளேக் முதலிய சில கொடிய வியாதிகளால் இறந்தவர்களின் உடலை உள்ளே விடுவதில்லை. அஸ்தியாக வருமானால் கட்டுப்பாடு இவ்வளவு இல்லை. கலசத்தில் இட்டு, தக்க மேலுறையோடு, தூதரகச் சான்றுடன் கொண்டுவரலாம். இவ்விதமான விதிகளை ஒவ்வொரு தேசமும் தன்னிச்சையாக வைத்திருந்தமையால் உண்டான குழப்பத்தைத் தீர்க்கவே, பல நாடுகள் 1937-இல் பெர்லினில் கூடி, உயிரோடிருப்பவருக்குப் பாஸ்போர்ட் இருப்பதுபோலச் சடலத்துக்கும் ஓர் அனுமதிப் பத்திரம் இருக்கட்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐரோப்பிய நாடுகள் 1973-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அதைத் திருத்தி அமைத்தன.

உடலை அனுப்பாமல் அங்கேயே தகனம் செய்ய முடியுமா என்றால், துபாயில் ஜபல் அலி என்னுமிடத்தில் இந்துக்களுக்கான தகன மேடை உண்டு; சவூதி அரேபியாவில் தகனத்துக்கு வழியில்லை. உடல் மிகவும் சிதைந்துபோன சமயங்களிலும், மாதக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்த சமயங்களிலும், வழியுள்ள இடத்தில் அங்கேயே தகனம் செய்து அஸ்தியை வரவழைப்பது எந்த விதத்திலும் கௌரவக் குறைவல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் குடும்பத்தாரே. செலவைக் குறைக்க நினைக்கிற யஜமானரோ, வேலையைச் சுருக்க நினைக்கிற காரியஸ்தரோ அல்ல.

செலவு என்னும்போது, ஜனங்கள் அறியாத பல உரிமைகள் இதில் அடங்கியிருக்கின்றன. சவூதி அரேபியாவின் 2005-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, அயல்நாட்டுத் தொழிலாளி இறந்தால் உடலைத் தயார் செய்வதற்கும், அவர் எந்த இடத்தில் ஒப்பந்தம் செய்து வேலைக்கு எடுக்கப்பட்டாரோ அந்த இடத்துக்கு அனுப்புவதற்கும் ஆகும் செலவை யஜமானரே ஏற்க வேண்டும் என்று விதிக்கிறது; குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்வது இதற்கு ஒரு விலக்கு. சிங்கப்பூரிலும் வேலை அனுமதியின் பேரில் சென்ற தொழிலாளியின் அடக்கத்துக்கோ, தகனத்துக்கோ, உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்புவதற்கோ ஆகும் செலவு முதலாளியைச் சேர்ந்தது. ஆகவே பணம் திரட்டி அனுப்பினால்தான் உடல் வரும் என்று யாராவது சொன்னால், கடன் வாங்க ஓடுவதற்கு முன், சட்டப்படி அது யார் தர வேண்டிய பணம் என்று ஒரு கேள்வி கேட்பது அவசியம்.

யஜமானரும் தரவில்லை, இன்ஷூரன்ஸும் இல்லை என்ற கதியற்ற நிலையில், 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமுதாய நல நிதி என்ற ஒன்று ஒவ்வொரு தூதரகத்திலும் இருக்கிறது. தூதரகச் சேவைகளுக்கு ஜனங்கள் கட்டும் கட்டணத்தோடு வசூலிக்கப்படும் சிறு தொகைகளால் திரண்ட நிதி அது. வசதியற்றவர்களின் உடலை அனுப்பவும், அங்கேயே ஈமக்கிரியை நடத்தவும் அதிலிருந்து செலவிடலாம். விமானக் கூலியைப் பொறுத்தவரை, ஒரு காலத்தில் பெட்டியையும் உடலையும் சேர்த்துத் தராசில் நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். இறந்தவனை நிறுத்துப் பார்த்துக் கூலி வாங்குவதா என்று வளைகுடாவில் வாழும் இந்தியர்கள் பல ஆண்டுகள் முறையிட்டதன் பயனாக, 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏர் இந்தியா ஐக்கிய அரபு நாடுகளிலிருந்து வரும் உடல்களுக்கு எடை பார்க்கும் வழக்கத்தைக் கைவிட்டு, பெரியவர்களுக்கு 1,500 திர்ஹம், சிறுவர்களுக்கு அதில் பாதி என்று நிலையான கட்டணம் ஏற்படுத்தியது. தொகையைவிட, அந்தத் தராசு ஒழிந்ததே பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன்.

இந்த உரிமைகள் எல்லாம் யாருக்கு? முறையான வேலை விசாவில், ஒப்பந்தத்தோடு, பதிவு செய்துகொண்டு போனவருக்கு. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும்; அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் சேர்ந்தே வருகிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும், வரி தனி, கட்டினால், விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சொற்பத் தொகையில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு இது. ஆனால் ஊர் ஏஜெண்டின் வார்த்தையை நம்பி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று விசிட் விசாவில் ஏறிப் போகிறவருக்கு இந்த வாசல் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. அவர் அரசின் கணக்கில் வேலைக்குப் போனவரே அல்லர். சுற்றிப் பார்க்கப் போனவர். அங்கே அவர் செத்தால், இவர் எங்கள் தொழிலாளி என்று சொல்லிப் பிணவறைக்கு வர எந்த யஜமானருக்கும் சட்டப்படி நிர்ப்பந்தம் இல்லை.

ஃப்ரீ விசா என்று சொல்லிக்கொண்டு பெயரளவில் ஒருவரிடமும் நடைமுறையில் வேறொருவரிடமும் வேலை செய்கிறவர்களின் நிலைமையும் ஏறத்தாழ இதுவே. வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் கஃபீல் புகார் கொடுத்து, ஹுரூப் என்று பதிவாகிவிட்டால், சம்பளம் தராத கொடுமையால் வெளியேறியவரும்கூடச் சட்டத்தின் முன் ஓடிப்போனவராகவே நிற்கிறார். அவர் இறந்தபின் கஃபீலின் கையெழுத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு மாதங்கள் கழிகின்றன. இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி காலாவதியாகிவிட்டவருக்கும் அபராதம், நீக்கம், பதிவு என்று ஒவ்வொன்றாக முடித்த பிறகே வழி திறக்கும். ஒரு மனிதன் உயிரோடு இருந்தபோது அவனுக்குக் காகிதம் தர மறுத்த உலகம், இறந்த பிறகு அவனிடமே அந்தக் காகிதத்தைக் கேட்கிறது. இந்த அநீதியைத் தீர்க்க இரு தேசத்து அரசுகளும் சேர்ந்து, பிணவறையில் இருப்பவருடைய குடியிருப்புக் குற்றங்களை அந்த நொடியே ரத்துச் செய்யும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். இறந்தவரிடமிருந்து அபராதம் வசூலித்து எந்த அரசுக்கும் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

அரசுகள் மனம் வைத்தால் எவ்வளவு விரைவில் காரியம் நடக்கும் என்பதற்குக் குவைத்தின் மங்காஃப் தீ விபத்தே சாட்சி. 2024-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலையில், தொழிலாளர்கள் தங்கியிருந்த பல மாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து, தூக்கத்திலிருந்தவர்களைப் புகை சூழ்ந்தது; இறந்த இந்தியர்களில் எழுவர் தமிழ்நாட்டார். உருத்தெரியாமல் கருகியிருந்த உடல்களை மரபணுப் பரிசோதனையால் அடையாளம் காண வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஜூன் 14-ஆம் தேதி காலையில் இந்திய விமானப்படையின் விமானம் 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்துகொண்டு கொச்சியில் இறங்கியது. தமிழ்நாட்டு அமைச்சர் அங்கே சென்று எழுவரின் உடல்களைப் பெற்றுக்கொள்ள, ஆம்புலன்ஸ்கள் அவரவர் ஊரை நோக்கிப் புறப்பட்டன. இரண்டே நாள். ஊரும் உலகமும் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு நாளில் முடிந்த காரியம், தனியாக ஓர் அறையில் மாரடைப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு இருபது நாள் எடுக்கலாகாது என்றே என் நெஞ்சு சொல்லுகிறது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், தொற்றினால் இறவாத மூன்று இந்தியர்களின் உடல்கள் அபுதாபியிலிருந்து டெல்லி வரை வந்தும், விதிகளைப் பற்றிய குழப்பத்தால் இறக்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டன. சொந்த தேசத்தின் மண்ணில் விமானம் இறங்கியும் அந்த மண் கிட்டாமல் போனவர்கள் அவர்கள். அதன் பின்னரே மத்திய அரசு தெளிவான நடைமுறையை வெளியிட்டது.

இப்போது இந்தியாவுக்குள் நுழைவதற்கான சுகாதார அனுமதியை மின்வழியிலேயே பெறும்படி, 2023 ஆகஸ்டில் இ-கேர் என்ற ஏற்பாட்டை மத்தியச் சுகாதார அமைச்சகம் தொடங்கியிருக்கிறது. மரணச் சான்றிதழ், பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்தான பாஸ்போர்ட்டின் நகல் ஆகியவற்றைப் பதிவேற்றினால், விமான நிலையச் சுகாதார அதிகாரி பரிசீலித்து, விமானம் புறப்படும் முன்னரே அனுமதி தருகிறார். முன்பெல்லாம் தொலைபேசியும் தொலைநகலும் மாறிமாறிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் இது ஒரு நிஜமான உபகாரம்.

ஊரில் இருப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைகளில் மனு வாங்கும் வரிசையில், பட்டா கேட்பவர்களுக்கும் உதவித்தொகை கேட்பவர்களுக்கும் நடுவே, பாஸ்போர்ட் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, "முகத்த மட்டும் ஒரு தடவ பாத்துடுறோம் ஐயா" என்று கைகூப்புகிற பெண்களை அங்கே எந்த வாரமும் காணலாம். ஆனால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு அந்த நாளே தகவல் கொடுக்கலாம். தூதரகத்துக்கு எழுதுவதும், உடல் வந்திறங்கியபின் ஊர்வரை வண்டி ஏற்பாடு செய்வதும் அத்துறை மேற்கொள்ளும் பணிகளே. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்திலும், 2015 முதல், குடும்பத்தாரே நேரடியாக முறையீட்டைப் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனியின் பெயர், அங்கே ஒரு நண்பரின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் வீட்டில் இருந்தால் மனு அன்றைக்கே நகரும். இல்லாத வீட்டில், மகன் எந்த நகரத்தில் இருந்தான் என்பதிலேயே முதல் இரண்டு நாள் போய்விடுகிறது.

பெட்டி வந்திறங்கிய பிறகு சுங்கம், குடிபுகல், சுகாதாரம் ஆகிய மூன்று இடத்திலும் காகிதம் காட்டி, சரக்குக் கிடங்கில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். இறந்தவரின் பாஸ்போர்ட் விவரமும் வாங்குகிறவரின் அடையாள அட்டையும் கையில் இருந்தால் சில மணி நேரத்தில் முடிகிற வேலை. வீட்டுக்கு வந்த பிறகு நிகழ்வதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லுவதில்லையாதலால் நான் சொல்லுகிறேன். பெட்டியைத் திறக்கும்போது ஃபார்மலினின் நெடி கண்ணைக் கரிக்கும்; ஆகையால் திறந்த வெளியில், குழந்தைகளைச் சற்று விலக்கி வைத்துத் திறப்பது உத்தமம். முகத்தின் நிறம் மாறியிருக்கும், உடல் விறைத்திருக்கும். அடிபட்டதன் அடையாளமோ என்று அச்சப்பட வேண்டியதில்லை, பதப்படுத்தியதன் விளைவே பெரும்பாலும் அது. மெய்யாகவே சந்தேகம் இருந்தால், அடக்கம் செய்வதற்கு முன்னரே போலீஸில் எழுதிக் கொடுத்து மறுபரிசோதனை கேட்க வேண்டும். பின்னர் கேட்பதில் பயன் குறைவு. தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும் சடங்கை, நீர் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தகனம் செய்வதாயின் துத்தநாகத் தகட்டுப் பெட்டியோடு எரியூட்ட முடியாது என்பதையும் முன்கூட்டியே மயானத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

உடலைப் பெற்றுக்கொண்டுவிட்டால் நஷ்டஈட்டு உரிமை போய்விடும் என்றொரு தவறான நம்பிக்கை சில ஊர்களில் பரவியிருக்கிறது. அதற்காக உடலை வாங்க மறுத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. உடல் வந்த பிறகும் சம்பள பாக்கியும், பணிக்கொடையும், விபத்தானால் நஷ்டஈடும், அந்நாட்டுச் சட்டப்படி குடும்பத்துக்குச் சேர வேண்டியவையே. தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு அவற்றை யஜமானரிடமும் நீதிமன்றத்திடமும் கேட்டுப் பெற்று, ஆட்சியர் மூலமாக வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கிறது. அதற்குத் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும், ஆதாரில் அதுவே ஓர் எழுத்தாகவும், அரபிச் சான்றிதழில் ஒலிபெயர்ப்பால் வேறொன்றாகவும் இருப்பதனால், மூன்றும் ஒருவரே என்று நிரூபிப்பதில் ஓராண்டு கழித்த விதவைகள் இருக்கிறார்கள். ஆகவே மரணச் சான்றிதழ் அரபியில் எழுதப்படும்போதே, பாஸ்போர்ட்டைக் காட்டி எழுத்துக்கு எழுத்துச் சரிபார்க்கும்படி அங்கிருக்கும் நண்பரிடம் அந்த முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.